மார்கழிப் பனியில் சோலைமலை ஏற்றம்

மார்கழி பிறந்தால் ஒருநாளாவது சோலைமலை எனப்படும் அழகர்மலையை நடந்தே ஏறிவிட வேண்டும் என்பது எங்கள் அத்தை பழக்கிய வழக்கம். மதுரைக்கு வடக்கே சுமார் 21 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அழகர்கோயிலில் விடியற்காலையில் வந்து இறங்கியபோது, எதிரே நிற்க வேண்டிய மலையையே காணவில்லை. கோட்டைச் சுவர் வரைக்கும் பனி இறங்கியிருந்தது.

முதல் கும்பிடு பதினெட்டாம்படிக் கருப்பருக்கு. இங்கே உருவம் கிடையாது. சந்தனமும் குங்குமமும் பூசிய அந்தப் பெரிய கதவுகளே சாமி. முழங்கால் வலியால் இவ்வாண்டு மலையேற முடியாத அத்தை, அந்த வாசலுக்கு எதிரிலேயே அமர்ந்துகொண்டு பித்தளைச் சொம்பை என்னிடம் நீட்டினார். "ராக்காயிகிட்டச் சொல்லிட்டுத் தீர்த்தம் மட்டும் கொண்டாந்துருப்பா, நான் இங்கனயே இருக்கேன்."

கள்ளழகர் சன்னதியில் திருப்பாவை ஒலித்துக்கொண்டிருந்தது. இந்தப் பெருமாளுக்குத்தான் நூறு தடா (பெரிய பானை) வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டதாக ஆண்டாள் பாடினாள் என்பதையும், அவள் நேர்த்தியைப் பிற்காலத்தில் இராமானுசர் நிறைவேற்றியதாகச் சொல்லப்படுவதையும் நினைத்தபடி நின்றபோது, பிறர் நேர்த்தியை ஏந்திச் செல்வதும் ஒரு பேறுதான் என்று என் கையிலிருந்த சொம்பு உணர்த்தியது.

மலைப்பாதையில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மழையில்லாமலே மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. நனைந்த தார்ச்சாலையில் உதிர்ந்த இலைகள் காலில் ஒட்டின. வளைவுச் சுவரொன்றில் குட்டியை வயிற்றோடு அணைத்து அமர்ந்திருந்த தாய்க்குரங்கின் மயிர்நுனிதோறும் பனித்துளி கோத்திருந்தது. முதியவர்களுக்கு வேன் வசதி பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் கால் திடமாக உள்ளவர்கள் இந்த மலையை நடந்தே ஏற வேண்டும் என்பேன். கண்ணுக்கு மறைந்த காடு காதுக்கும் மூக்குக்கும் புலப்படுவதை வண்டியில் இருந்து அறிய முடியாது.

ஆறாம் படைவீடான பழமுதிர்சோலையில், வள்ளி தெய்வானையோடு நின்றருளும் முருகனைத் தரிசித்தேன். ஔவையிடம் சுட்ட பழம் வேண்டுமா என்று முருகன் கேட்ட நாவல் மரமென வழிபடப்படும் மரத்தையும் வணங்கிவிட்டு, மேலே நூபுர கங்கை என்னும் ஊற்றுத் தீர்த்தத்துக்கு நடந்தேன்.

உலகளந்தபோது உயர்ந்த திருவடியின் சிலம்பிலிருந்து வழிந்த நீர் என்பதால் இதற்குச் சிலம்பாறு என்றும் பெயர். காவல் தெய்வமாக ராக்காயி அம்மன் இருக்கிறாள். வேறு நீரால் நீராட்டினால் அழகரின் திருமேனி கறுத்துவிடும் என்பது நம்பிக்கை. அதனால் அவருடைய திருமஞ்சனத்திற்கு இந்தத் தீர்த்தம்தான். ஐப்பசியில் எண்ணெய் சாத்தும் தைலக்காப்புக்கு அவரே மலையேறி இங்கு வந்துவிடுகிறார். கருப்பர், பெருமாள், முருகன், ராக்காயி என்று சன்னதிகள் பலவாயினும், மேலிருந்து கீழ்வரை இந்த நீர்தான் மலையை ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

நடுங்கிக்கொண்டே தலையைக் கொடுத்தேன். குளிரில் விறைத்திருந்த உடம்புக்கு அந்த ஊற்றுநீர் வெதுவெதுப்பாகவே பட்டது. அம்மனிடம் அத்தையின் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டு, சொம்பை நிரப்பி, அதன் வாயைத் துணியால் கட்டி, வழியில் எங்கும் கீழே வைக்காமல் இறங்கினேன்.

கருப்பர் வாசலில் அத்தை சொம்பை இரு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"தண்ணி கதகதன்னு இருந்துச்சா?"

"ஆமா அத்தை."

ஒரு கை அள்ளிப் பருகினார். ஈரக் கையை இரண்டு முழங்கால்களிலும் தடவிவிட்டு, வீட்டுப் பூசைக்கென்று துணியை மறுபடி இறுக்கிக் கட்டினார்.