ஏழு ரோல், 31 டிகிரி

ஏப்ரல் 11, கிருஷ்ணகிரி
விடியற்காலை 5 மணிக்குக் குழாய்த் தண்ணீர் 28. மாலை 4 மணிக்கு மாடித் தொட்டியில் 41.

ஏப்ரல் 12
கழுவ வேண்டிய ஃபிலிம் ஏழு ரோல்: ஐந்து ஹெச்.பி.5 கறுப்பு வெள்ளை, இரண்டு கலர். எடுத்து முடித்த ரோலை இந்த வெயிலில் வெளியே போட்டு வைத்தால் உள்ளே பதிந்தது மெல்ல மங்கும், ஃபாக் என்னும் மூட்டம் ஏறும். காற்றுப் புகாத டப்பாவில், ஃபிரிட்ஜில் இருக்கட்டும். வெளியே எடுத்தால் ஒரு மணி நேரமாவது டப்பாவைத் திறக்கக் கூடாது. அவசரப்பட்டால் ஃபிலிம் மேல் நீர் வியர்க்கும்.

ஏப்ரல் 14
ஃபிலிம் கழுவும் மெஷின், பழைய ஜோபோ சி.பி.இ.2 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. தண்ணீரைச் சூடாக்கும், ஃபிலிம் உள்ள டாங்க்கைப் படுக்க வைத்துத் திசை மாற்றி மாற்றிச் சுழற்றும். கலருக்கு அருமை: கலர் கழுவும் சி-41 முறையில் டெவலப்பருக்கு, அதாவது படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்துக்கு, 37.8 டிகிரி, ஏறி இறங்க அனுமதி 0.15 மட்டும், நேரம் 3 நிமிடம் 15 விநாடி. ஆனால் ஐந்து ரோல் கறுப்பு வெள்ளை. அதற்கு 20 டிகிரி வேண்டும், இந்த மெஷினுக்குக் குளிரவைக்கத் தெரியாது. பெரிய சி.பி.பி. வகையில் குளிர்நீர்க் குழாய் இணைப்பு உண்டு. எந்தக் குளிர்நீரை இணைப்பது? நம் குழாயில் வருவதே 31.

ஏப்ரல் 15
42.

ஏப்ரல் 17
ஐஸ் கணக்கு. ஒரு லிட்டரை 31இலிருந்து 20க்கு இறக்க ஏறக்குறைய 110 கிராம் ஐஸ். 24க்கு என்றால் 67 கிராம் போதும். ஆகவே 20ஐ விட்டுவிடலாம். ஹெச்.பி.5க்கு டி-76 டெவலப்பர் 1+1இல் (சம அளவு தண்ணீர் கலந்து) 20 டிகிரிக்கு 11 நிமிடம், 24க்குச் சுமார் 8. ஐந்து நிமிடத்துக்குக் கீழே இறங்காதவரை பயமில்லை. அதற்குக் கீழே போனால் ஊற்றும் நேரமே திட்டுத் திட்டாகப் பதியும்.

ஐஸை டெவலப்பரில் நேரே போட்டால் நீர்த்துப்போகும். பாட்டிலைச் சுற்றியுள்ள தண்ணீரில்தான் போட வேண்டும். மீன் கடைத் தெர்மாகோல் பெட்டியை விட நல்ல தொட்டி எந்த மெஷினிலும் இல்லை.

டெவலப்பரை நிறுத்தும் ஸ்டாப், படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸர், கழுவும் தண்ணீர் எல்லாமே 24இல் இருக்க வேண்டும். 24இல் கழுவிய ஃபிலிமை 32க்குத் தூக்கிப் போடக் கூடாது. ஓடும் தண்ணீர் வேண்டாம். இல்ஃபோர்டு முறையில் மூன்று முறை நிரப்பி 5, 10, 20 தடவை கவிழ்த்தால் ஒரு லிட்டரில் முடிந்துவிடும்.

ஏப்ரல் 18
ஜோபோ 1520 டாங்க் சுழலும்போது இரண்டு ரோலுக்கு 240 மி.லி. போதும் என்கிறது. ஃபிலிம் நனைய அது போதும்தான். மருந்து போதாது! 1+1இல் அது 120 மி.லி. ஸ்டாக் (தண்ணீர் கலக்காத டெவலப்பர்), ரோலுக்கு 60. ஒரு ரோலுக்குக் குறைந்தது 100 ஸ்டாக் இல்லையென்றால் டெவலப்பர் பாதியில் களைத்துவிடும், வெளிச்சப் பகுதிகள் சோர்ந்து வரும். ஃபிலிமைச் சுற்றும் ரீல் இரண்டில் ஒன்றைக் காலியாக விட்டு ஒரே ரோலைக் கழுவினால் சரி. அப்படியென்றால் மெஷின் மிச்சப்படுத்துவது என்ன?

ஏப்ரல் 20
இன்று மூன்று முறை கரண்ட் போனது.

மெஷினில் கலர் ஓடும்போது இப்படிப் போனால்? சூடு போய்விடும் என்று பயப்படத் தேவையில்லை. அறையே 34, பத்து லிட்டர் தண்ணீர் மூன்றேகால் நிமிடத்தில் எங்கே ஆறப்போகிறது? மோட்டார் நிற்பதுதான் ஆபத்து. படுத்திருக்கும் டாங்க்கில் மருந்து அடியில் மட்டும் கிடக்கும். நின்ற இடத்தில் மூழ்கிய பகுதி தொடர்ந்து டெவலப் ஆகும், மேல் பகுதி காயும். நெகட்டிவில் பட்டை விழும். அப்புறம் எதைக் கொண்டும் திருத்த முடியாது. நின்ற கணமே கையால் உருட்ட வேண்டும்.

கையால் கவிழ்க்கும், நிமிர்ந்து நிற்கும் பேட்டர்சன் டாங்க்கில் 35 எம்.எம். ரோலுக்கு 290 மி.லி. ஊற்றினால் ஃபிலிம் முழுக்க மூழ்கியிருக்கும். கரண்ட் போனாலும் அதற்குத் தெரியாது.

ஏப்ரல் 21
42.

ஏப்ரல் 23
போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். காய்ந்த நெகட்டிவில் வெள்ளைப் புள்ளி சுண்ணாம்புதான். டெவலப்பர் கலக்கவும் கடைசி அலசலுக்கும் டிஸ்டில்டு வாட்டர்: 600 மி.லி.க்கு 3 மி.லி. ஃபோட்டோ-ஃப்ளோ (நீர்த்தடம் விழாமல் காக்கும் திரவம்). நடுவில் கழுவ ஒகேனக்கல் தண்ணீர் போதும்.

ஏப்ரல் 24
சி.பி.இ.2 விற்பவரிடம் கேட்க வேண்டியவை. மோட்டார் இரு திசையிலும் ஒரே சத்தத்தில் ஓடுகிறதா? தொட்டியில் விரிசல் உண்டா? டாங்க்கைத் தூக்கி மருந்தைக் கொட்டும் லிஃப்ட் இருந்தால் அதன் குழாய் கசிகிறதா? டாங்க் மூடியை மோட்டாரோடு இணைப்பது பல் சக்கரமா, காந்தமா? தெர்மோஸ்டாட் 38 என்று காட்டும்போது வேறு தெர்மாமீட்டர் என்ன சொல்கிறது? ரசமட்டம் வைத்துப் பார்க்கவும். டாங்க் சாய்ந்தால் ஒரு முனை ரோலுக்கு மருந்து குறையும்.

பதில் இல்லை.

ஏப்ரல் 26
பதில் இல்லை.

பேட்டரியில் ஓடும் ஏகோ என்ற சுழற்றும் மெஷின் இருக்கிறது. பேட்டர்சன் டாங்க் மேலேயே பொருந்தும், சூடு மாறினால் நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும். சூடாக்கவோ குளிரவைக்கவோ செய்யாது. இந்த ஊருக்கு அதுவே நியாயமான மெஷின் என்று படுகிறது. சூட்டுக்கு 1000 வாட் சூ வீட் ஹீட்டர் (சமையலுக்குத் தண்ணீரை ஒரே சூட்டில் வைப்பது): பத்து லிட்டரை 31இலிருந்து 38.5க்கு ஆறு நிமிடத்தில் கொண்டுபோகும். மீன் தொட்டி ஹீட்டர் உதவாது. பெரும்பாலானவை 34உடன் நின்றுவிடும். சூட்டை அளக்க வேண்டியது தொட்டியில் அல்ல, பாட்டிலுக்குள். அரை லிட்டர் பாட்டில் சூடேற அரை மணி நேரம்.

ஏப்ரல் 27
பகலில் ரீலில் ஏற்றவே கூடாது. இருட்டுப்பைக்குள் ஐந்து நிமிடத்தில் கை வியர்க்கும், பிளாஸ்டிக் ரீலில் ஃபிலிம் ஒட்டிக்கொண்டு நகராது. இழுத்தால் பிறை வடிவத்தில் மடிப்பு விழும்.

ஏப்ரல் 29
4:50. தண்ணீர் 28.5. மூன்று லிட்டர், ஐஸ் 130 கிராம். பேட்டர்சன், கைதான். முதலில் சோதனை ரோல். அந்த ஏழும் ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும்.

5:20. 24.0.