பணியிட மருத்துவரும் சேவையின் தரமும்

பணியிடச் சுகாதார சேவையின் தரம் பெரும்பாலும் அங்குள்ள மருத்துவரின் கையில்தான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். நோயாளியிடம் அவர் என்ன தொழில் செய்கிறார் என்று கேளுங்கள் என இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700இலேயே வலியுறுத்தினார். அந்தக் கேள்வியைக் கேட்பவர் ஆண்டுப் பரிசோதனையைச் சடங்காக முடித்துவிடமாட்டார்.

கேட்புத்திறன் சோதனையையே எடுத்துக்கொள்வோம். இரைச்சல் மிகுந்த கூடத்திலிருந்து ஒருவரை நேரே அழைத்துவந்து சோதித்தால், தற்காலிகமாக மந்தமான செவியின் அளவே பதிவாகும்; ஆகவே முதல் சோதனைக்கு முன் 14 மணி நேரமாவது அவர் இரைச்சலிலிருந்து விலகியிருக்க வேண்டும். இரைச்சலால் நேரும் பாதிப்பு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளமாகத்தான் முதலில் வரைபடத்தில் தெரியும். பேச்சைக் கேட்பதில் தடுமாற்றம் பிறகே வரும். ஒரே பிரிவைச் சேர்ந்த பலருக்கும் அதே பள்ளம் தென்பட்டால், மருத்துவர் தம் அறையை விட்டு எழுந்து அந்த இயந்திரத்தின் அருகே சென்று பார்க்க வேண்டும். இரைச்சலை அதன் மூலத்திலேயே குறைக்குமாறு நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்க அவருக்குச் சுதந்திரம் வேண்டும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1985ஆம் ஆண்டு 161ஆம் உடன்படிக்கை அந்தச் சுதந்திரத்தை வலியுறுத்துவதோடு, விடுப்பு எடுத்தவர் சொன்ன காரணத்தைச் சரிபார்க்கும் வேலையை முதலாளி பணியிடச் சுகாதார சேவையினர்மீது சுமத்தக் கூடாது என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது விதியை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். தன்னை வேவு பார்ப்பதாக நினைக்கும் மருத்துவரிடம் இருமலையும் நெஞ்சு இறுக்கத்தையும் எந்தத் தொழிலாளி வாய்திறந்து சொல்வார்? நோய் விவரம் மருத்துவரின் கோப்பிலேயே இருக்க, பணித் தகுதி குறித்த முடிவு மட்டுமே நிர்வாகத்துக்குச் செல்ல வேண்டும்.