மார்பு எண்ணுக்குக் கீழே ஒரு கோடு

வாலிபால் கேப்டனின் சட்டையில் மார்பு எண்ணுக்குக் கீழே ஒரு கோடு இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் பள்ளிச் சட்டைகளில் அது கிடையாது. முதலுதவிப் பெட்டியில் இருக்கும் வெள்ளை பிளாஸ்டரை வெட்டி, ஒவ்வொரு போட்டிக்கும் நானே ஒட்டிவிடுவேன். அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கும் இத்தனை வருடத்தில், அந்த பிளாஸ்டரை யார் சட்டையில் ஒட்டுவது என்பதில்தான் நான் அதிகம் தவறியிருக்கிறேன்.

ஆரம்பத்தில் யோசித்ததே இல்லை. யார் நன்றாக அடிக்கிறாளோ அவள்தான் கேப்டன். எனக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த சார், 1986 சியோல் ஆசியப் போட்டியில் இந்தியா வெண்கலம் வாங்கியதைப் பேச ஆரம்பித்தால், அந்த அணியில் ஆடிய ஜிம்மி ஜார்ஜ் உயரே எம்பிப் பந்தை அடித்ததைத்தான் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டுவார். அந்தப் பந்தைத் தூக்கிக் கொடுத்தது யார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஆசிரியை ஆன பிறகும் வலைக்கு மேலே தெரிகிற கைதான் என் கண்ணில் பட்டது.

ஒரு வருடம் குறுவட்டத்தில் ஜெயித்து வருவாய் மாவட்டப் போட்டி வரைக்கும் போனோம். அரையிறுதி. ஆளுக்கொரு செட் ஆகி, 15 பாயிண்ட் கொண்ட மூன்றாவது செட்டில் 13-13. எங்கள் கேப்டன் அடித்த பந்து கோட்டை ஒட்டி விழுந்தது. கோட்டு நடுவர் கொடியை மேலே தூக்கி அவுட் என்றார். எதிரணி 14, நாங்கள் 13. அவள் நடுவர் ஏணிக்குக் கீழே ஓடி நின்று கத்தினாள். அதே ஆட்டத்தில் ஏற்கெனவே மஞ்சள் அட்டை வாங்கியிருந்தோம். நடுவர் சிவப்பு அட்டையை எடுத்தார். சிவப்பு அட்டை என்றால் எதிரணிக்கு ஒரு பாயிண்ட். ஆட்டம் அதோடு முடிந்தது. கடைசி பாயிண்ட்டை யாரும் ஆடவே இல்லை. மற்ற ஐந்து பேரும் அவரவர் இடத்தில் கை முட்டியில் ஊன்றியபடி, அடுத்த சர்வீஸை வாங்கத் தயாராக நின்றிருந்தார்கள். அது எனக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

பஸ்ஸில் அவளைத் திட்டினேன். “நடுவரிடம் அப்படியா பேசுவது?” என்றேன். அவள் எதிர்த்துப் பேசுகிற பெண் இல்லை. அழுதுகொண்டே, “நீங்க பெஞ்சுலேருந்து அப்படித்தானே டீச்சர் கேப்பீங்க” என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் பெஞ்சை விட்டு எழுந்து நின்று கத்தியவள் நான்தான். அதை அவள் மூன்று வருடமாகப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள்.

அடுத்த ஜூன் மாதத்திலிருந்து பயிற்சியை மாற்றினேன். சனிக்கிழமை பயிற்சி ஆட்டங்களில் ஒவ்வொரு வாரமும் ஒருத்தி கேப்டன். டாஸுக்குப் போவது, பந்து ஆட்டத்தில் இல்லாதபோது நடுவரிடம் விளக்கம் கேட்பது, கடைசியில் ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போடுவது எல்லாம் அவள் வேலை. நடுவரிடம் பேசும் உரிமை களத்தில் கேப்டனுக்கு மட்டும்தான். கேப்டன் மாற்று ஆட்டக்காரிக்கு இடம் விட்டு வெளியே வந்தால், உள்ளே இருக்கும் ஒருத்தி அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும். அதனால் எல்லோருக்கும் தெரிந்திருப்பது நல்லது என்றுதான் தொடங்கினேன். ஆனால் யார் எப்படி என்று அப்போதுதான் பிடிபட்டது. நன்றாக ஆடுகிற சிலருக்கு, “சார், டச் யார் மேல?” என்று கேட்கக்கூட குரல் எழும்பவில்லை. சிலருக்குக் கேட்கும்போதே சண்டை வந்துவிட்டது.

டைம் அவுட்டிலும் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். 30 விநாடியில் முதல் பாதி கேப்டனுடையது, நான் வாயைத் திறக்கக் கூடாது. பதினைந்து விநாடி சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

அப்படிக் கவனித்தபோது கண்ணில் பட்டவள்தான் எங்கள் லிஃப்டர், அதாவது அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள். ப்ளஸ் டூ. உயரம் குறைவு, பேச்சும் குறைவு. ஒரு பயிற்சி ஆட்டத்தில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி தொடர்ந்து மூன்று பந்தை வலையில் அடித்துவிட்டாள். நான் டைம் அவுட் கேட்டேன். அந்தச் சின்னப் பெண் யார் முகத்தையும் பார்க்காமல் தரையைப் பார்த்து நின்றாள். நானாக இருந்தால் கையைப் பின்னால் இழு, லேட்டாக எம்பு என்று நாலு திருத்தம் சொல்லியிருப்பேன். லிஃப்டர் அவள் முன்னால் போய் நின்று, “உனக்குப் பந்து எப்படிடீ வேணும்? ஒசரமாவா, வலையை ஒட்டியா?” என்று கேட்டாள்.

“கொஞ்சம் தள்ளிக் குடுங்கக்கா.”

“சரி, தள்ளித் தர்றேன். நீ அடி.”

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த பந்தும் அந்தச் சின்னவளுக்கே போனது. மூன்று முறை வலையில் அடித்தவளுக்கு நான் அன்றைக்குப் பந்தே கொடுக்க விட்டிருக்க மாட்டேன். லிஃப்டர் வலையிலிருந்து தள்ளித் தூக்கினாள். அவள் அடித்தாள். பெரிய அடி ஒன்றும் இல்லை, எதிரே இருந்தவர்கள் எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்கப்புறம் அந்தப் பெண் தரையைப் பார்க்கவில்லை.

மறுவாரம் பிளாஸ்டரை லிஃப்டர் சட்டையில் ஒட்டினேன். பழைய அடிக்கும் கேப்டனையும் இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அவளிடம் குறை இல்லை. அந்தப் பொறுப்பு என்ன என்று அவளுக்கு நான் ஒரு நாளாவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

அந்த வருடமும் வருவாய் மாவட்டப் போட்டியில்தான் தோற்றோம், அதுவும் அரையிறுதியில். லிஃப்டர் நடுவருக்குக் கைகொடுத்துவிட்டு, மேஜையில் குனிந்து ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டாள். வியர்வையில் பிளாஸ்டரின் ஒரு முனை பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. நேரே என்னிடம் வந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

“டீச்சர், போறப்ப அந்த ஒம்பதாங்கிளாஸ் பொண்ணுக்கு ஜன்னல் சீட்டு குடுங்க. வர்றப்பவே வாந்தி வருதுன்னு சொன்னா” என்றாள்.