நோக்கியா என்900: ஓர் எழுதுகருவியாக எடைபோட்டால்

பழைய ஸ்மார்ட்போன் ஒன்றை மதிப்பிடும்போது செயலியின் வேகம், கேமராவின் மெகாபிக்சல், திரையின் அளவு என்ற வரிசையில் பார்ப்பது பலருக்கும் பழக்கமாகிவிட்டது. அந்த வரிசையில் பார்த்தால் 2009 நவம்பரில் விற்பனைக்கு வந்த நோக்கியா என்900 இன்று எந்தப் போட்டியிலும் நிற்காது. 600 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்பி ரேம், 3.5 அங்குலத் திரை, 5 மெகாபிக்சல் கேமரா ஆகியவை இப்போது எவரையும் கவரப்போவதில்லை. ஆயினும் இக்கருவியைத் தேடிப் பிடித்து வாங்க நினைப்பவர் அவற்றுக்காக வாங்குவதில்லை. திரையை மேல்நோக்கித் தள்ளியதும் அதன் அடியிலிருந்து வெளிப்படும் மூன்று வரிசை விசைப்பலகைக்காகவே வாங்குகிறார். எனவே இதைத் தொலைபேசி என்று கருதாமல், சட்டைப் பையில் அடங்கும் எழுதுகருவி என்று கருதி எடைபோடுவதே முறை என்று நினைக்கிறேன்.

தொடுதிரையில் எழுதுவது மெதுவானது என்ற பழைய புகாரை நான் ஏற்பதில்லை. அடுத்த சொல்லை ஊகித்துப் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் மென்பொருள் அந்தக் குறையைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டது. தீராமல் நிற்கும் குறை வேறு. கருவியைக் கிடைமட்டமாகப் பிடித்தால், திரையில் தோன்றும் விசைப்பலகை பாதிக்கும் மேற்பட்ட இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. எழுதுபவரின் கண்ணுக்கு அவர் எழுதியதில் இரண்டு மூன்று வரிகளே எஞ்சுகின்றன. முந்தைய பத்தியில் என்ன சொன்னோம் என்பதைப் பார்த்துக்கொண்டே அடுத்த பத்தியை எழுதும் வசதி அதில் கிடைப்பதில்லை. விசைகள் தனியே வெளியில் இருக்கும்போது, என்900இன் திரையில் உள்ள 800×480 புள்ளிகளும் எழுத்துக்கே மிஞ்சுகின்றன. கட்டைவிரல்கள் விசையின் விளிம்பைத் தடவியே தம் இடத்தை அறிந்துகொள்வதால் கண் வரியை விட்டு விலகுவதும் இல்லை. நீண்ட மின்னஞ்சல், நாட்குறிப்பு, கட்டுரையின் முதல் வரைவு போன்றவற்றை எழுதுபவருக்கு இவ்விரண்டும் வேகத்தைவிடப் பெரியவை.

அக்காலத்து வடிவமைப்பாளர்களும் இப்படித்தான் எண்ணியிருக்க வேண்டும். முதல் ஆண்ட்ராய்டு கைபேசியான ஹெச்டிசி டிரீம் 2008 அக்டோபரில் வெளிவந்தபோது அதில் திரை விசைப்பலகையே இல்லை. 2009 ஏப்ரலில் ஆண்ட்ராய்டு 1.5 வந்த பிறகுதான் அது சேர்ந்தது. அதுவரை ஒரு சொல்லை அனுப்புவதற்கும் திரையைத் தள்ளித் திறக்க வேண்டியிருந்தது.

என்900இன் விசைப்பலகையில் எண்களுக்கென்று தனி வரிசை கிடையாது. மேல் வரிசை எழுத்துகளோடு செயல்விசையை (Fn) சேர்த்து அழுத்தினால் எண்கள் வருகின்றன. இடைவெளி விசை நடுவில் இல்லாமல் வலப்பக்கம் ஒதுங்கியிருப்பதால், ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் வலது கட்டைவிரலே வேலை செய்ய வேண்டியிருக்கிறது. கணினியில் பழகிய கைக்கு இது முதலில் எரிச்சலூட்டும்; பழகிய பிறகும் முழுமையாக மறக்காது. அதற்கு ஈடாக இதில் கண்ட்ரோல் விசை உண்டு, அம்பு விசைகள் உண்டு. ஷிஃப்டும் அம்பும் சேர்ந்து வரியைத் தேர்ந்தெடுக்கின்றன; வெட்டுதல், ஒட்டுதல் ஆகியவற்றை மேசைக் கணினியில் செய்வது போலவே செய்யலாம். திருத்தி எழுதுவதில் இந்த வசதிக்கு நிகரானதை இன்றைய தொடுதிரைகளில் நான் காணவில்லை. எழுத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்து, தோன்றும் குமிழை இழுத்து, அது வேறிடத்துக்குத் தாவிவிட, மீண்டும் இழுத்து என்று அங்கே போராட வேண்டியிருக்கிறது.

பழைய கருவி ஒன்றைக் கையில் வாங்கியதும் முதலில் சோதிக்க வேண்டியது நகரும் தடத்தை. திரை உள்ள மேல்பாதிக்கும், மின்சுற்றுப் பலகையும் விசைகளும் உள்ள கீழ்ப்பாதிக்கும் நடுவே மடங்கி விரியும் மெல்லிய நாடா வடம் ஒன்று செல்கிறது. திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் வளைவது அதுதான். எனவே திரை ஒளிர்ந்திருக்கும்போதே மெதுவாகத் திறந்து, பாதி வழியில் நிறுத்திப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் படம் துடித்தாலோ, கோடுகள் ஓடினாலோ, வண்ணம் மங்கினாலோ வடம் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். முழுவதும் திறந்த நிலையில் மட்டும் சோதிப்பவருக்கு இது தென்படாமல் போகக்கூடும். திறந்தவுடன் திரை தானே விழித்துக்கொள்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் திறப்பை உணரும் பகுதி பழுதாகியிருக்கலாம். பக்கவாட்டில் சிறு ஆட்டம் இருப்பது பெரிய குறையன்று, ஆனால் இரு முனைகளிலும் சட்டென்று பற்றிக்கொள்ளும் அந்த உறுதி தளர்ந்திருந்தால் உள்ளேயுள்ள சுருள்வில் சோர்ந்துவிட்டது என்று பொருள்.

அடுத்தது விசைகள். ஒவ்வொன்றையும் தனித்தனியே அழுத்திப் பார்த்தால் போதாது. ஷிஃப்டையும் எழுத்தையும், செயல்விசையையும் எழுத்தையும் சேர்த்து அழுத்தியும் பார்க்க வேண்டும். விசைக்கு அடியிலிருக்கும் சிறு உலோகக் குமிழ் வேலை செய்தால் அழுத்தம் விரலுக்குத் தெளிவாகத் தெரியும். ஈரம் பட்ட கருவியில் அருகருகே உள்ள சில விசைகள் மட்டும் மந்தமாகவோ இரட்டிப்பாகவோ பதிலளிக்கும். விசைகளின் பின்னொளியை இருட்டில் ஒருமுறை பார்த்துவிடுவதும் நல்லது.

திரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இது அழுத்தத்தை உணரும் வகைத் தொடுதிரை. இன்றைய கண்ணாடித் திரைகள் போல் விரலின் மின்னூட்டத்தை உணர்வதில்லை. அதனால் நகத்தாலும், உடன் வரும் குச்சியாலும் மிக நுண்ணிய இடத்தைத் தொட முடிகிறது. இரு விரலால் விரிக்க முடியாது. உலாவியில் பக்கத்தைப் பெரிதாக்க விரலைச் சுழற்ற வேண்டும். எழுதுவதற்கு இதனால் பெரிய இழப்பில்லை.

இதில் எல்லோரும் அறிந்த பலவீனம் சார்ஜ் செய்யும் மைக்ரோ யுஎஸ்பி துளைதான். பலகையின் மேற்பரப்பில் மட்டும் பற்றவைக்கப்பட்டிருப்பதால், வடத்தைக் கோணலாக இழுத்தால் அது பெயர்ந்துவிடும் ஆபத்து உண்டு. செருகிய பின் லேசாக அசைத்துப் பார்த்தால் நிலைமை தெரிந்துவிடும். துளை பழுதான கருவியையும் உடனே ஒதுக்க வேண்டியதில்லை என்பேன், ஏனெனில் இதன் பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்து சார்ஜ் செய்யலாம். அது பிஎல்-5ஜே என்ற வகை. 1320 மில்லி ஆம்பியர்-மணி கொண்டது. நோக்கியா 5800, லூமியா 520 போன்ற பரவலாக விற்ற கைபேசிகளிலும் அதே வகை இருந்ததால் மாற்றுப் பேட்டரி கிடைப்பது அரிதன்று. பழைய பேட்டரியைச் சமதளத்தில் வைத்துச் சுண்டினால் பம்பரம் போல் சுழலக் கூடாது. சுழன்றால் நடுவில் உப்பியிருக்கிறது, அதைப் பயன்படுத்துவது ஆபத்து.

இவையெல்லாம் நன்றாக இருந்தாலும், கருவிக்கு வெளியே மாறிவிட்ட உலகத்தை ஒன்றும் செய்ய முடியாது. என்900 இரண்டாம், மூன்றாம் தலைமுறை வலையமைப்புகளை மட்டுமே அறியும். மூன்றாம் தலைமுறைச் சேவையைப் பல நாடுகள் நிறுத்திவிட்டன. நான்காம் தலைமுறையில் பேச இதனால் இயலாது. வைஃபையிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே உண்டு. இவற்றையும்விடக் கடுமையானது மறையாக்கத்தின் சிக்கல். இணையத் தொடர்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையின் 1.0, 1.1 பதிப்புகளைப் பெரிய உலாவிகள் 2020 வாக்கில் கைவிட்டன. என்900இன் மூல உலாவி அதற்குப் பிந்தைய பதிப்பைப் பேசாததால், பெரும்பாலான தளங்கள் அதில் திறப்பதே இல்லை. இதற்கு வன்பொருளைக் குறை சொல்வதில் நியாயமில்லை; மென்பொருள் புதுப்பிப்பு நின்றுபோனதன் விளைவு இது.

ஆனால் என்900 பிற பழைய கைபேசிகளிலிருந்து வேறுபடுவதும் இங்கேதான். இதன் மேமோ 5 இயங்குதளம் டெபியன் என்ற திறந்தமூல லினக்ஸ் இயங்குதளத்தை அடித்தளமாகக் கொண்டது; கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் முனையச் சாளரம் முதல் நாளிலிருந்தே உள்ளே இருந்தது. பூட்டிய பெட்டியாக இல்லாததால், நிறுவனம் கைவிட்ட பிறகும் ஆர்வலர்கள் இதைத் தொடர்ந்து பேண முடிந்தது. மேமோ லெஸ்டே, போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் ஆகிய திட்டங்கள் இதில் புதிய லினக்ஸை இயக்குகின்றன. அவற்றை நினைவக அட்டையிலிருந்தே தொடங்கலாம் என்பதால் மூல அமைப்பை அழிக்க வேண்டிய தேவையும் இல்லை. 256 எம்பி ரேமில் இன்றைய உலாவி ஓடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. எளிய எழுத்துத் திருத்தி ஓடும், கோப்பை வேறு கணினிக்கு அனுப்பும் கருவி ஓடும். எனக்கு வேண்டியவை அவ்விரண்டுதான்.

விசைகளை மட்டுமே கொண்டு தரம் பிரித்தால், 2012இல் வந்த மோட்டோரோலா டிராய்டு 4ஐ இதற்கு மேலே வைப்பேன். அதில் ஐந்து வரிசைகள், தனி எண் வரிசை, ஒன்றிலிருந்து ஒன்று தெளிவாகப் பிரிந்து மேடாக நிற்கும் விசைகள் எல்லாம் உண்டு. மேமோ லெஸ்டே அதிலும் இயங்குகிறது. அதன் பேட்டரியைப் பயனரே எளிதில் கழற்றி மாற்ற முடியாது என்ற ஒரே காரணத்தால்தான், வயதான கருவிகளுள் எதை வாங்கலாம் என்று கேட்பவருக்கு நான் என்900ஐ முதலில் சொல்கிறேன். வாங்குபவர் பேச்சுக்கு வேறு கைபேசியை வைத்துக்கொள்ள வேண்டும். முடிந்தால், திரை உடைந்த இன்னொரு என்900ஐயும் சேர்த்து வாங்கிவைக்கலாம். பேட்டரி போல விசைத் தகடும் நாடா வடமும் எளிதில் கிடைப்பவை அல்ல, தேவைப்படும் நாளில் அந்த இரண்டாவது கருவியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.