பச்சை காட்டிய சோதனைகளும் ஓடாத போர்ட்லெட்டும்

பணியாளர்கள் தங்கள் முகவரியைத் தாங்களே திருத்திக்கொள்வதற்கான ஒரு போர்ட்லெட்டை (போர்ட்டல் எனப்படும் வலைத்தளத்தில் பக்கத்தின் ஒரு பெட்டியை வரைந்து தரும் ஜாவா நிரலை) பழைய பாணியிலிருந்து, நிரலின் மேல் குறிப்பு ஒட்டும் அனொட்டேஷன் முறைக்கு மாற்றி முடித்த நாளில், நான் எழுதி வைத்திருந்த சோதனைகள் அனைத்தும் பச்சை காட்டின. போர்ட்டலில் ஏற்றிச் ‘சேமி’ பொத்தானை அழுத்தியதும், பொருந்தும் மெத்தட் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) எதுவும் கிடைக்கவில்லை என்ற பிழை பதிவேட்டில் விழுந்தது. காரணம் அற்பமானது. சேமிக்கும் மெத்தடின் தலையில் இருந்த, அது எந்தச் செயலுக்கு ஓட வேண்டும் என்று சொல்லும் ஆக்‌ஷன்மேப்பிங் அனொட்டேஷனில் பெயரை ‘அப்டேட்அட்ரஸ்’ என்று மாற்றியிருந்தேன். படிவத்தைக் காட்டும் ஜேஎஸ்பி பக்கத்திலோ ‘சேவ்அட்ரஸ்’ என்ற பழைய பெயரே கிடந்தது. என் சோதனைகள் அந்த மெத்தடை நேரடியாக அழைத்தன. ஆகவே அதன் மேல் ஒட்டியிருந்த அனொட்டேஷனை அவை ஒருமுறைகூடத் தொடவில்லை. அனொட்டேஷன்கள் போர்ட்லெட் எழுதுவதை எளிதாக்குகின்றன என்பதில் எனக்கு ஐயமில்லை. அவை எதை எளிதாக்குகின்றன, எதைக் கண்ணில் படாத இடத்துக்கு நகர்த்திவிடுகின்றன என்பதை அன்றுதான் கவனித்தேன்.

பழைய நிரல் எப்படி இருந்தது என்று சொன்னால்தான் மாற்றத்தின் மதிப்பு புரியும். 2003இல் வந்த ஜாவா தர ஆவணமான ஜேஎஸ்ஆர் 168, அதாவது போர்ட்லெட் 1.0, ஒரு போர்ட்லெட்டின் வேலையை இரண்டு கட்டங்களாகப் பிரித்தது. பயனர் ஒரு படிவத்தை அனுப்பும்போது ஆக்‌ஷன் கட்டம் அந்த ஒரு போர்ட்லெட்டுக்கு மட்டும் நடக்கும். அதன் பிறகு பக்கத்தில் இருக்கும் போர்ட்லெட்கள் தத்தம் பகுதியை வரைந்து தருவது ரெண்டர் கட்டம். ஜெனெரிக்போர்ட்லெட் என்ற அடிப்படைக் கிளாஸை நீட்டித்து, காட்சிக்கு டூவியூ, திருத்தத்துக்கு டூஎடிட், செயலுக்குப் ப்ராசஸ்ஆக்‌ஷன் என்று எழுதுவதுதான் வழக்கம். எங்கள் முகவரி போர்ட்லெட்டில் ப்ராசஸ்ஆக்‌ஷன் ஒன்றே ஏழு கிளைகள் கொண்ட ‘இஃப்–எல்ஸ்’ சங்கிலியாக வளர்ந்திருந்தது. ஒவ்வொரு கிளையும் வேண்டுகோளிலிருந்து சரங்களை எடுத்து, எண்ணாகவும் தேதியாகவும் மாற்றி, சரிபார்த்து, சேவையை அழைத்து, அடுத்த காட்சிக்கான பாராமீட்டரை வைத்தது. இதில் ஒரு கிளையை மட்டும் சோதிக்க வேண்டுமானாலும் வேண்டுகோள், பதில், செஷன் (ஒரு பயனரின் வருகை முழுவதும் தரவை வைத்திருக்கும் இடம்) ஆகிய மூன்றுக்கும் போலிப் பொருள்கள் செய்தாக வேண்டும். அதனால் யாரும் சோதனை எழுதவில்லை. போர்ட்டலை மறுதொடக்கம் செய்து, உள்நுழைந்து, படிவத்தை நிரப்பிப் பார்ப்பதே சோதனை என்று ஆகிவிட்டிருந்தது.

2008இல் வந்த ஜேஎஸ்ஆர் 286 இந்தச் சங்கிலியை உடைப்பதற்கான முதல் கருவியைக் கொடுத்தது. ப்ராசஸ்ஆக்‌ஷன், ரெண்டர்மோட், ப்ராசஸ்இவென்ட் என்ற மூன்று அனொட்டேஷன்களை ஜெனெரிக்போர்ட்லெட்டே படித்து, வரும் செயலின் பெயருக்கு ஏற்ற மெத்தடுக்கு அனுப்பிவிடும். எந்த ஃபிரேம்வொர்க்கும் சேர்க்காமல் கிடைக்கும் வசதி இது என்பதால் சிறிய போர்ட்லெட்களுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. இரண்டு இடங்களில் மட்டும் கால் இடறும். ஜெனெரிக்போர்ட்லெட் பொது மெத்தட்களை மட்டுமே தேடுகிறது. மெத்தடைப் ‘பிரைவேட்’ என்று அறிவித்துவிட்டால் எச்சரிக்கை ஏதும் இன்றி அது விடுபட்டுப்போகும். இன்னொன்று, அந்தத் தேடல் நடப்பது, போர்ட்லெட் தொடங்கும்போது ஓடும், கான்ஃபிக் பொருளைப் பெறும் இனிட் மெத்தடுக்குள். அதை மேலெழுதிவிட்டு மேல் கிளாஸின் இனிட்டை அழைக்க மறந்தால் ஒரு அனொட்டேஷனும் வேலை செய்யாது. சோதனையில் போர்ட்லெட்டைப் புதிதாக உருவாக்கியவுடன் செயலை ஏவிப் பார்ப்பவர்கள், இனிட்டை அழைக்காததால் இதே குழியில் விழுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சோதனையின் நோக்கில் பெரிய பாய்ச்சல் ஸ்பிரிங் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கின் 3.0 பதிப்புடன் 2009இல் வந்தது. அதற்கு முந்தைய 2.5 பதிப்பிலேயே கன்ட்ரோலர், ரிக்வெஸ்ட்மேப்பிங் ஆகிய அனொட்டேஷன்கள் போர்ட்லெட்டுக்கும் கிடைத்தன. ஆனால் ஆக்‌ஷன்மேப்பிங், ரெண்டர்மேப்பிங், ரிசோர்ஸ்மேப்பிங், இவென்ட்மேப்பிங் என்று கட்டத்துக்கு ஒன்றாகப் பிரித்துத் தந்தது 3.0தான். இதில் வரிகள் குறைந்ததைத்தான் பலரும் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது இரண்டாம் பட்சம். முக்கியமானது, மெத்தடின் கையொப்பம் நம் விருப்பத்துக்கு வந்துவிட்டது. முகவரியைச் சேமிக்கும் மெத்தடுக்குத் தேவையானவை நிரப்பப்பட்ட முகவரிப் பொருள், சரிபார்ப்பின் விளைவைச் சுமக்கும் பைண்டிங்ரிசல்ட், அடுத்த காட்சியைக் குறிக்க ஆக்‌ஷன்ரெஸ்பான்ஸ் ஆகிய மூன்றுதான். சரங்களை மாற்றும் வேலையை ஃபிரேம்வொர்க் எடுத்துக்கொண்டதால், சோதனையில் ஒரு சாதாரண ஜாவா பொருளைக் கட்டி நேரடியாகக் கொடுத்துவிடலாம். அஞ்சல் குறியீடு விடுபட்டிருந்தால் சேவை அழைக்கப்படக் கூடாது என்ற விதிக்கு நான்கு வரியில் சோதனை எழுத முடிந்தபோது, பழைய சங்கிலியை நினைத்துச் சிரிப்புதான் வந்தது.

இந்த நேரடி அழைப்புச் சோதனைகள் ஒரு கட்டத்தின் உள்ளே நடப்பதைத்தான் காட்டும். போர்ட்லெட்டின் உண்மையான சிக்கல்கள் ஆக்‌ஷனுக்கும் ரெண்டருக்கும் இடையே உள்ள சந்தில் ஒளிந்திருக்கின்றன. ஆக்‌ஷன் கட்டத்தில் வேண்டுகோளில் வைத்த பொருள் ரெண்டர் கட்டத்துக்குத் தானாக வந்து சேரும் என்று நம்பக் கூடாது. உறுதியாகக் கடப்பவை ரெண்டர் பாராமீட்டர்களும் செஷனும்தான். ஸ்பிரிங்கும் ஆக்‌ஷனில் உருவான மாடலைச் செஷனில் வைத்து, அதற்கு அடையாளமாக ஒரு ரெண்டர் பாராமீட்டரையும் விட்டுச்செல்கிறது. சரிபார்ப்புப் பிழைகள் மறுபடி காட்டப்படும் படிவத்தில் தோன்றுவதற்குக் காரணம் இந்த ஏற்பாடு. இதைச் சோதிக்க ஒரு சிறு உதவி மெத்தட் எழுதிக்கொண்டேன். ஸ்பிரிங்கின் சோதனைத் தொகுப்பில் உள்ள போலிப் பொருளான மாக்ஆக்‌ஷன்ரெஸ்பான்ஸிலிருந்து ரெண்டர் பாராமீட்டர்களை எல்லாம் எடுத்து, ஒரு புதிய மாக்ரெண்டர்ரிக்வெஸ்ட்டில் போட்டு, அதே மாக்போர்ட்லெட்செஷனையும் அதில் பொருத்தித் திருப்பித் தருவது மட்டுமே அதன் வேலை. பத்து வரிகூட இல்லாத அந்த மெத்தட், போர்ட்லெட்களை இயக்கும் கன்டெய்னர் இரண்டு கட்டங்களுக்கு நடுவில் செய்யும் காரியத்தைச் சோதனைக்குள் கொண்டுவந்துவிட்டது. அதற்கு நாங்கள் வைத்த பெயர் ‘கடத்தி’.

கடத்தி கையில் வந்த பிறகு இன்னொரு பழக்கமும் ஏற்பட்டது: ரெண்டர் மெத்தடை எப்போதும் இரண்டு முறை அழைப்பது. பக்கத்தில் இருக்கும் வேறொரு போர்ட்லெட்டில் யாரோ பொத்தானை அழுத்தினாலும், நம் போர்ட்லெட்டின் ரெண்டர் அதே பாராமீட்டர்களுடன் மறுபடி ஓடக்கூடும். ‘முகவரி சேமிக்கப்பட்டது’ என்ற செய்தியைச் செஷனிலிருந்து எடுத்துக் காட்டிவிட்டு உடனே அழிக்கும் நிரல் எங்களிடம் இருந்தது. முதல் முறை சரியாகத் தெரியும், பக்கத்துப் பெட்டியைத் தொட்டதும் மறைந்துவிடும். இது சகித்துக்கொள்ளக்கூடிய குறைதான். அதே மெத்தடின் இறுதியில் ‘பார்வையிடப்பட்டது’ என்று தரவுத்தளத்தில் ஒரு வரி எழுதப்பட்டதே, அதுதான் சகிக்க முடியாதது. இரண்டாவது அழைப்புக்குப் பிறகு சேவையின் எழுதும் மெத்தட் ஒருமுறைகூட அழைக்கப்பட்டிருக்கக் கூடாது என்று சோதனையில் ஒரு வரி சேர்த்ததும் அது வெளிப்பட்டது.

போலிப் பொருள்களை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. பயனரின் விருப்ப அமைப்புகளை வைத்திருக்கும் போர்ட்லெட்பிரிஃபரன்ஸஸின் ஸ்டோர் மெத்தடை ரெண்டர் கட்டத்தில் அழைத்தால் இல்லீகல்ஸ்டேட்எக்செப்ஷன் எழ வேண்டும் என்பது விதி. ஸ்பிரிங்கின் மாக்போர்ட்லெட்பிரிஃபரன்ஸஸுக்குத் தான் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பது தெரியாது. அது சாதுவாகத் தலையசைத்துவிடும். அதேபோல, எந்தப் போர்ட்லெட்டுக்கு உரியது என்று காட்டும் நேம்ஸ்பேஸ் முன்னொட்டு இல்லாத படிவப் புலங்களைச் சில போர்ட்டல்கள் போர்ட்லெட்டுக்குக் கொடுப்பதே இல்லை. சோதனையில் ‘சிட்டி’ என்று நாமே பாராமீட்டரை வைக்கும்போது அந்த வடிகட்டல் நடப்பதில்லை. இந்த மெத்தட்களைத் தாங்கும் கன்ட்ரோலர் ஒற்றைப் பொருளாக எல்லாப் பயனர்களுக்கும் பொதுவாக இருப்பதும், அதன் புலத்தில் ஒரு பயனரின் தரவை வைத்தால் இன்னொருவருக்குத் தெரிந்துவிடும் என்பதும், ஒரே இழையில் (திரெட்டில்) ஓடும் சோதனையில் பிடிபடாத இன்னொரு வகை. இவற்றுக்கெல்லாம் உண்மையான கன்டெய்னரில் ஓடும் சில சோதனைகள் தேவை; மாதிரிச் செயலாக்கமான அப்பாச்சி புளூட்டோவை அதற்குப் பயன்படுத்தினோம். அவை மெதுவானவை என்பதால் எண்ணிக்கையைக் கைவிரல்களுக்குள் வைத்துக்கொண்டேன்.

தொடக்கத்தில் சொன்ன பெயர்ப் பிழைக்கு வருகிறேன். போர்ட்டல் இல்லாத சாதாரண வலை நிரல்களின் சர்வ்லெட் உலகில் ஸ்பிரிங் 3.2 முதல் கிடைத்த மாக்எம்விசி என்ற சோதனைக் கருவி போன்ற ஒன்று போர்ட்லெட்டுக்கு வரவில்லை. ஆனாலும் அனொட்டேஷன்மெத்தட்ஹேண்ட்லர்அடாப்டர் என்ற நீண்ட பெயருடைய கிளாஸை நாமே உருவாக்கி, அதன் ஹேண்டில்ஆக்‌ஷன், ஹேண்டில்ரெண்டர் மெத்தட்களுக்கு மாக் வேண்டுகோளையும் நம் கன்ட்ரோலரையும் கொடுத்தால் போதும். அனொட்டேஷனைப் படிப்பது, சரங்களைப் பொருளாக மாற்றுவது, உரிய மெத்தடைத் தேர்வது எல்லாம் உண்மையாகவே நடக்கும். வேண்டுகோள்களைப் பெற்றுப் பிரித்தனுப்பும் முழு டிஸ்பாட்சர்போர்ட்லெட்டையும் எழுப்ப வேண்டியதில்லை. இப்படி எழுதிய முதல் சோதனை என் பிழையைப் பிடித்திருக்குமா என்று நேர்மையாக யோசித்தால், பிடித்திருக்காது. வேண்டுகோளில் ‘அப்டேட்அட்ரஸ்’ என்று நானேதானே எழுதியிருப்பேன்! சோதனையும் கன்ட்ரோலரும் ஒரே கையால் எழுதப்பட்டவை. ஜேஎஸ்பி மட்டும் அந்தப் பேச்சில் இல்லை.

தீர்வு சோதனையில் இல்லை, ஜாவா கம்பைலரில் இருந்தது. அனொட்டேஷனின் மதிப்பு மாறிலியாக இருக்க வேண்டும் என்பதால், செயல்களின் பெயர்களை எல்லாம் ஒரே கிளாஸில் ‘ஸ்டேடிக் ஃபைனல்’ சரங்களாக வைத்தேன். ஆக்‌ஷன்மேப்பிங்கும், சோதனையும், ஜேஎஸ்பியில் ஆக்‌ஷன்யூஆர்எல் டேகின் பெயர்ப் பண்பும் அந்தக் கிளாஸையே சுட்டின. ஜேஎஸ்பி பக்கங்களைப் பில்டின்போதே கம்பைல் செய்யும் படியையும் சேர்த்தேன். இனி மாறிலியின் பெயரை மாற்றிவிட்டு ஜேஎஸ்பியை மறந்தால் போர்ட்டல் வரை போக வேண்டியதில்லை, பில்டே நின்றுவிடும். ஜேஎஸ்பிக்குள் ஜாவா வெளிப்பாடு எழுதுவதைச் சக நிரலாளர் ஒருவர் முகம் சுளித்து எதிர்த்தார். அழகின் பக்கம் நின்றால் அவர் சொன்னது சரிதான். நான் பிழையின் பக்கம் நின்றேன்.

2017இல் இரண்டு நிகழ்வுகள் ஒன்றாக வந்தன. ஸ்பிரிங் 5.0 போர்ட்லெட் ஆதரவை முற்றிலும் நீக்கியது. அதே ஆண்டில் ஜேஎஸ்ஆர் 362, அதாவது போர்ட்லெட் 3.0, அனொட்டேஷன்களைத் தரத்துக்குள்ளேயே விரிவாகக் கொண்டுவந்தது. ஸ்பிரிங் பாணியை விட மனமில்லாதவர்களுக்கு அதன் நிரலிலிருந்து கிளைத்த போர்ட்லெட்எம்விசி4ஸ்பிரிங் இருக்கிறது; பெரும்பாலும் இம்போர்ட் வரிகளை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடும். நான் தரத்தின் பக்கம் போனேன். அதில் போர்ட்லெட் எந்த இன்டர்ஃபேஸையும் செயல்படுத்த வேண்டியதில்லை. சிடிஐ பீன் (கன்டெய்னரே உருவாக்கித் தரும் பொருள்) ஒன்றின் மெத்தட்களில் ஆக்‌ஷன்மெத்தட், ரெண்டர்மெத்தட், சர்வ்ரிசோர்ஸ்மெத்தட் என்று எழுதினால் போதும், போர்ட்லெட்கான்ஃபிகரேஷன் அனொட்டேஷன் இருப்பதால் எக்ஸ்எம்எல் கோப்பும் கட்டாயமில்லை. ரெண்டர் மெத்தட் எந்த உள்ளீடும் இல்லாமல் ஒரு சரத்தைத் திருப்பித் தரலாம் என்பது சோதனைக்கு எவ்வளவு வசதி என்று சொல்ல வேண்டியதில்லை. ஆக்‌ஷன் மெத்தடுக்கு மட்டும் வேண்டுகோளும் பதிலும் கட்டாயம். முகவரிப் பொருளை ஃபிரேம்வொர்க் கட்டித் தந்த சுகம் போய், அந்த மாற்றத்தை மறுபடி நாமே எழுத வேண்டியிருந்தது. அதைத் தனி மெத்தடாகப் பிரித்து, ஆக்‌ஷன் மெத்தடை மூன்று வரிக்குச் சுருக்கினேன். கடத்தியை மாற்றி எழுத ஒரு மாலை பிடித்தது. செயல்களின் பெயர்களைச் சுமந்த அந்த மாறிலிக் கிளாஸ் மட்டும் ஒரு எழுத்தும் மாறாமல் புதிய திட்டத்துக்கு வந்து சேர்ந்தது.