பஞ்சு முடியும் நாலு வரியும்

கல்யாணம், காதுகுத்து எது வந்தாலும் அம்மா ஒரு கதை சொல்லுவாள். மூன்றாம் வகுப்பு மாறுவேடப் போட்டியில் நான் ஔவையார் வேஷம் போட்ட கதை. மைதா பசை தடவி ஒட்டிய பஞ்சு முடி நெற்றியில் வழிய, சொல்ல வேண்டிய நாலு வரியும் மறந்துபோய், கம்பை ஊன்றிக்கொண்டு 'ஓ'வென்று அழுதேனாம். "அன்னிக்கோட சரி. மேடைன்னாலே காத தூரம் ஓடுவா" என்று முடிப்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும்தான்.

அப்புறம் நானே அதைச் சொல்ல ஆரம்பித்தேன். காலேஜில் செமினார் என்றால் ஔவையார். ஆபீஸ் மீட்டிங் என்றால் ஔவையார். ராத்திரி உட்கார்ந்து நான் போட்ட கணக்கைப் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வாசிப்பார். பாராட்டும் அவருக்கே.

போன மாசம் சித்தி வந்திருந்தாள். அம்மா வழக்கம்போல் ஆரம்பித்ததும், வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சித்தி சொன்னாள்: "முழுசாச் சொல்லுக்கா. டீச்சர் கையைப் பிடிச்சு இழுத்தும் இறங்கமாட்டேன்னுட்டா. அழுதுக்கிட்டே நாலு வரியையும் சொல்லிட்டுத்தானே வந்தா?"

எனக்கு அது சுத்தமாக ஞாபகமில்லை. அம்மாவும் பொய் சொல்லவில்லை. அழுத இடத்தில் கதையை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான்.

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் டான் மெக்காடம்ஸ் என்ற உளவியலாளர், மனுஷர்கள் தங்கள் கதையை எப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள் என்று பார்ப்பதையே தொழிலாக வைத்திருந்தவர். ஆட்களை உட்காரவைத்து, வாழ்க்கையை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரிக்கச் சொல்லுவார். உச்சம் எது, படுகுழி எது, திருப்பம் எது என்று கேட்பார். கெட்டது நல்லதில் போய் முடிகிற மாதிரி சொல்லிக்கொள்கிறவர்களுக்குப் பொதுவாக வாழ்க்கையில் நிறைவு கூடுதல் என்பது அவர் கண்டது. ஜோனதன் அட்லர் என்பவர் 2012-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரசியம். மனநல சிகிச்சைக்கு வந்த 47 பேரைத் தங்கள் கதையை அவ்வப்போது எழுதவைத்தார். 'எனக்கு நடந்தது' என்பது போய் 'நான் செய்தேன்' என்கிற தொனி முதலில் எழுத்தில் வந்தது. மனசு தேறியது அதற்குப் பிறகு. இதைப் படித்தபோது சித்தியின் வெற்றிலைக் காம்புதான் கண்ணுக்குள் நின்றது.

போன வியாழக்கிழமை என் கணக்கை நானே வாசித்தேன். மூன்றாவது வரியில் ஓர் எண்ணைத் தப்பாகப் படித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். குரல் நடுங்கியது. பக்கத்து சீட்டுக்காரர் ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அம்மாவுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அழுதியா?" என்று கேட்டாள்.