குரல்வளையை எடுத்த பிறகு எங்கே தேடுகிறோம்

"புற்றுநோய்க்காகக் குரல்வளையையே முழுசா எடுத்தாச்சே, இனி எங்கேருந்து திரும்ப வரும்?" வீட்டார் கேட்பது நியாயம்தான். கழுத்து நெறிகட்டிகள், தொண்டைக்குழாயைத் தைத்த இடம், மூச்சுவிடக் கழுத்தில் போட்ட துளையான ஸ்டோமாவின் விளிம்பு, நுரையீரல் என இடங்கள் இருக்கின்றன. யாருக்கு எவ்வளவு வாய்ப்பு என்பதற்கு வெட்டியெடுத்த திசுவைச் சோதித்த பேத்தாலஜி ரிப்போர்ட்டைத்தான் புரட்ட வேண்டும். எத்தனையாவது ஸ்டேஜ் என்பதற்கு முன்பே இரண்டு வரிகளைத் தேடுவோம்: வெட்டிய விளிம்பில் புற்றணு மிச்சமிருக்கிறதா? நெறிகட்டியின் உறையைத் தாண்டிப் பரவியிருக்கிறதா? ஒன்று இருந்தாலும், உடம்பும் சிறுநீரகமும் தாங்குமென்றால், ரேடியேஷனோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் சேரும்.

நோயாளிகள் 'கரண்டு வைக்கிறது' என்று சொல்லும் அந்த ரேடியேஷன், ஆபரேஷன் முடிந்து 6 வாரத்துக்குள் தொடங்க வேண்டும். கதிரின் மொத்த அளவு 60 முதல் 66 கிரே. பலருக்கு நாள் தவறுவது இங்கேதான். தொண்டைத் தையல் விட்டு எச்சில் கழுத்து வழியே கசிந்தால் புண் ஆறவே வாரங்கள் ஓடிவிடும். ரேடியேஷனுக்கு முன் எடுக்க வேண்டிய சொத்தைப் பல்லைப் பிடுங்கக் கடைசி நேரத்தில் நினைவு வந்தால், அந்தக் குழி ஆறவும் காத்திருக்க வேண்டும். ஆபரேஷன் மேசையிலேயே பல்லையும் எடுத்துவிடுவது மேல்.

திரும்ப வருபவற்றில் பெரும்பாலானவை முதல் 2 வருடத்துக்குள் வந்துவிடும். அதனால் முதல் வருடம் மாதம் ஒருமுறையிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரை பார்க்கிறோம். கட்டி குரல்நாணுக்குக் கீழே இறங்கியிருந்தவர்கள், ஆபரேஷனுக்கு முன்பே மூச்சுத்திணறலில் அவசரமாகக் கழுத்தில் துளை போட்டுக்கொண்டு வந்தவர்கள், மூச்சுக்குழாய் ஓர நெறிகட்டியில் நோய் இருந்தவர்கள் ஆகியோருக்கு ஸ்டோமா மீதுதான் கண். ஸ்டோமாவில் செருகியிருக்கும் ட்யூபைக் கழற்றி, டார்ச் அடித்து, கையுறை விரலால் விளிம்பைச் சுற்றித் தடவ வேண்டும். ட்யூப் உரசும் இடத்தில் மெத்தென்று சிவந்து, தொட்டால் ரத்தம் வருவது பெரும்பாலும் வெறும் புண்சதை. சில்வர் நைட்ரேட் மருந்து வைத்தால் சுருங்கும். இரண்டு வாரத்தில் சுருங்காவிட்டாலோ, தோலுக்கு அடியில் கெட்டியாகத் தட்டுப்பட்டாலோ பயாப்ஸிதான். துளையின் மேல்பக்கம் தனி முடிச்சாக இருப்பதைச் சிலருக்கு வெட்டி எடுக்க முடியும். கீழே மார்புக்குள் இறங்கியதை அப்படி எடுக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதை வீட்டாரிடம் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

இன்னொரு சிக்கல், பல நோயாளிகளால் முன்போல் பேச முடியாது. கூட வந்தவர் "நல்லாத்தான் இருக்கார்" என்று முடித்துவிடுவார். நோய் திரும்பியதைக் காட்டக்கூடியவற்றை, நோட்டை நோயாளியிடமே நீட்டி எழுதச் சொல்ல வேண்டும்: ஒரு பக்கக் காது வலிக்கிறதா? போன மாதம் இறங்கிய இட்லி இப்போது நிற்கிறதா? விழுங்க முடியாமை வெறும் தழும்புச் சுருக்கமாகவும் இருக்கலாம். ஆனால் எண்டோஸ்கோப்பியில் பார்க்காமல் சுருக்கத்தை விரிக்கப் போகக் கூடாது. பேசுவதற்காக மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே வைக்கும் குரல் வால்வின் நடுவே தண்ணீர் கசிந்தால் வால்வை மாற்றினால் போதும். வால்வைச் சுற்றிக் கசிந்தால், வால்வு உட்காரும் துளை ஏன் பெரிதானது என்று பார்க்க வேண்டும். மறுபடி வளர்ந்த கட்டியாகவும் இருக்கலாம்.

சோர்வு, உடல் வீக்கம் என்றால் எல்லோரும் புற்றுநோயைத்தான் நினைப்பார்கள். ஆனால் கழுத்தில் ரேடியேஷன் வாங்கியவர்களுக்குத் தைராய்டு குறைவது சகஜம். 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனை பார்த்தால் தெரிந்துவிடும். ரேடியேஷன் முடிந்து 12 வாரம் ஆகுமுன் நோயுள்ள இடத்தை ஒளிரக் காட்டும் பெட் ஸ்கேன் எடுத்தால், ஆறிக்கொண்டிருக்கும் திசுவும் நோய்போல ஒளிரும், வீண் பீதி.

5 வருடம் தாண்டியவர்களிடம் பழைய கட்டியைவிடப் புதியதையே தேடுகிறோம், குறிப்பாக பீடியை விடாதவர்களிடம். நுரையீரலில் ஒற்றைப் புள்ளி தெரிந்தால் 'பரவிவிட்டது' என்று கேஸ் ஷீட்டில் எழுத அவசரப்படக் கூடாது. அது புதிதாக வந்த நுரையீரல் புற்றாகவோ காசநோயாகவோ இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்த்த பிறகே எழுத வேண்டும்.